சகலையிடம் இருந்த இடது பாதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் சகலை நல்லவன். எனக்குப் பிரச்சினையே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்று சிலரைச் சொல்வார்களே, அந்த ரகம். பிழைப்போ அடுத்தவர் வாயில் விரலை வைப்பது. பல் டாக்டர்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவன் காலெடுத்து வைக்கும்வரை அந்த வீட்டுக்கு நான் ஒரே மாப்பிள்ளை. கியர்பாக்ஸ் பட்டறை வைத்திருப்பவன்தான் என்றாலும் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. அவன் வந்த பிறகு மாமனார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். சின்ன மாப்பிள்ளை கை பூ மாதிரி, சின்ன மாப்பிள்ளை பேச்சு தேன் மாதிரி. அந்த வாயில் இருக்கிற பல்செட்டும் அவன் கட்டிக் கொடுத்ததுதான். மாமனார் என்னைப் பார்த்து ஆசையாகச் சிரித்தால்கூட அது அவன் கைவேலை. இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவது?

எனக்கே எனக்கென்று இருந்தது ஒன்றுதான். ஒரு பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள்.

பழையது என்றால் நீங்கள் நினைக்கிற பழையது இல்லை. சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள் இன்னும் தனிக்குடித்தனம் போகாத காலத்தது. பெடல் உண்டு. அதை மிதித்துத்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும். ஓடும்போது நடுநடுவே ஒரு சின்னக் கைப்பம்பை அமுக்கி எண்ணெய் ஊட்ட வேண்டும். மறந்தால் இன்ஜின் இறுகிவிடும், அதிகம் ஊட்டினால் பின்னால் வருகிறவன் முகம் கறுத்துவிடும். செய்த கம்பெனி மூடிப் பல தலைமுறை ஆகிறது. உதிரி சாமான் கிடையாது, விளக்கப் புத்தகம் கிடையாது. தொழிற்சாலையில் எடுத்த மங்கலான புகைப்படங்களை எங்கெங்கிருந்தோ வரவழைத்து, பூதக்கண்ணாடியை வைத்து, இந்த லிவர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, இந்த ஸ்குரூவின் தலை உருண்டையா பட்டையா என்று பார்த்துப் பார்த்து அதைக் கட்டி எழுப்பினேன். கண் போனதுதான் மிச்சம் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கென்ன தெரியும்.

அதில் ஒரு குறை இருந்தது. இன்ஜினின் அடிப்பெட்டியைக் கிராங்க் கேஸ் என்போம். அலுமினியத்தில் வார்த்தது. சிப்பி மாதிரி இடது, வலது என்று இரண்டு பாதி. தொழிற்சாலையில் அந்த இரண்டையும் சேர்த்து முடுக்கிவிட்டு, ஒன்றாக வைத்துத்தான் நடுவில் தண்டு போகிற துளையைக் குடைவார்கள். ஆகையால் அந்த வலதுக்கு அந்த இடதுதான் ஜோடி. வேறு இன்ஜினின் பாதியைக் கொண்டுவந்து வைத்தால் உட்காரும், ஆனால் ஒட்டாது. ஜோடி மாறிவிடக் கூடாது என்று இரண்டு பாதியின் அடிவயிற்றிலும் ஒரே எண்ணைக் குத்தி வைத்திருப்பார்கள். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

என் வண்டியில் வலது பாதி மட்டும்தான் அசல். இடது பாதி எந்தக் காலத்திலோ காணாமல் போய், யாரோ வேறு ஒன்றை மாட்டியிருந்தார்கள். வண்டி ஓடும், ஆனால் நொண்டும். உள்ளே ஒரு தட்டு சத்தம், கீழே ஓயாத எண்ணெய்க் கசிவு. இரண்டையும் சேர்த்து வைத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் மசியவில்லை. வலது பாதியில் ஒரு சீவல் எடுத்துவிட்டால், நாளைக்கு அதன் சொந்த ஜோடி வந்தாலும் சேராது. எங்கே வரப்போகிறது என்று சிரித்தார்கள். வரும் என்று நான் காத்திருந்தேன்.

"பொண்ணுக்கு வரன் தேடுறவன்கூட இவ்வளவு தேட மாட்டான்" என்பாள் என் மனைவி.

இந்த நேரத்தில்தான் சகலைக்கு என் வண்டிமேல் கண் விழுந்தது. ஒருநாள் பட்டறைக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலைச் சுற்றுகிற மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அண்ணே, எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு செய்யணும்னு ஆசையா இருக்கு. சொல்லிக் குடுப்பீங்களா?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பல் சொத்தை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, நாலு நாளில் கை அழுக்காகிவிட்டது என்று ஓடிவிடுவான் என்று நினைத்தேன். முதலில் அப்படித்தான் இருந்தது. எங்கிருந்தோ வாங்கிவந்த ஒரு ஹேண்டில்பாருக்குக் கண்ணாடி மாதிரி குரோம் பூச வைத்துக்கொண்டு வந்தான். "டாக்டர், அந்தக் காலத்துல குரோமே கிடையாது, நிக்கல்தான்" என்று சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தேன். அவன் முகம் சிறுத்துப்போனதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறுபடி வந்தபோது குரோமை உரித்து, அந்த மஞ்சள் ஓடிய மங்கலான நிக்கலை அச்சு அசலாகப் பூச வைத்திருந்தான். என் வண்டியில் இருப்பதைவிட நன்றாக இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

கார்புரேட்டரின் ஊசித்துளைகளை நான் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருப்பேன். அவன் பல் குடைகிற கருவிகளால் அதைத் தொட்டும் தொடாமலும் சுத்தம் செய்துவிடுவான். பல்லுக்குத் தொப்பி வார்ப்பார்களாம், மெழுகில் அச்செடுத்து உலோகத்தை ஊற்றி. அதே முறையில், உலகத்திலேயே கிடைக்காத ஒரு குட்டி லிவரைத் தன் கிளினிக்கின் பின்னறையில் வார்த்துவிட்டான். இரண்டு வார்த்திருந்தான். ஒன்றை என்னிடம் நீட்டி, "உங்க வண்டியில இருக்கறது கொஞ்சம் தேஞ்சிருக்கு, அதான்" என்றான். நான் அந்த லிவரை ஒரு வருஷமாகக் அரத்தை வைத்துக் கையாலேயே ராவி ராவி உருவாக்கியிருந்தேன். "வச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, அவன் போனதும் பழைய போல்ட்டுகளோடு சேர்த்து டப்பாவில் போட்டு மூடினேன்.

பிறகு அந்தக் குவியல் வந்தது. பால் பண்ணை வைத்திருந்த ஒருவருக்குப் பல்வலி. இவன் சரியாக்கியிருக்கிறான். வலி போன சந்தோஷத்தில் அவர், "ஷெட்டுல ஏதோ பழைய மோட்டார் சைக்கிள் கெடக்கு டாக்டர், வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று சும்மாவே தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் கியர்பாக்ஸை உயிரைக் கொடுத்துச் சரிசெய்து கொடுத்தால், "இன்னும் லேசா சத்தம் வருதே" என்பான் வண்டிக்காரன். அவனவன் கொடுப்பினை அப்படி.

"அண்ணே, நீங்க வந்து பார்த்து என்ன ஏதுன்னு சொல்லணும்" என்று கூப்பிட்டான். போனேன்.

அவன் வீட்டுக் கார் ஷெட்டில், வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது. சட்டம், முன் ஃபோர்க், சிலிண்டர், கைப்பம்பு. எல்லாம் என் வண்டியின் வகைதான். "வலது பாதி மட்டும்தாண்ணே இல்ல. பரவாயில்ல, மெதுவா தேடிக்கலாம்" என்றான்.

வரிசையின் கடைசியில் இருந்தது இடது பாதி. கறுத்து, மாட்டுக்கொட்டகை அழுக்கு அப்பி, ஆனால் ஓரம் சிதையாமல், உட்பக்கம் புதுசு போல இருந்தது. கையில் எடுத்தேன். சும்மா எடுப்பவன்போல எடுத்து, அடிவயிற்றைத் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்தேன். அழுக்கு நகர்ந்து எண் தெரிந்தது.

என் எண். என் வலது பாதியின் எண். என் பிறந்த தேதியைக்கூட ஒருமுறை தப்பாகச் சொல்லியிருக்கிறேன், அந்த எண்ணைத் தப்பாகச் சொன்னதில்லை. கால் இரண்டும் தரையில் இல்லை எனக்கு.

அந்த நிமிஷம், "தம்பி, இது என்னோடதுக்கு ஜோடிப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தால், பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்கு நிற்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு அழுக்கு இல்லை. இத்தனை வருஷம் நான் தேடியது, தேடாத இவன் காலடியில் வந்து கிடக்கிறது. பொறாமை முந்திக்கொண்டது.

"அடடா, இதுல விரிசல் விழுந்திருக்கே தம்பி" என்றேன்.

"எங்கேண்ணே?"

"இதோ பாரு, துளைக்குப் பக்கத்துல. மயிரிழை. சட்டுன்னு தெரியாது, பழகின கண்ணுக்குத்தான் தெரியும்." விரலை வைத்துக் காட்டினேன். பளிங்கு மாதிரி இருந்த இடம் அது. "இது தேறாது. ஓட்டினா நடுரோட்டுல பிளந்துடும். நான் வேணா எடுத்துட்டுப் போய் பழைய அலுமினியத்தோட போட்டுடறேன்."

அவன் குனிந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நான் காட்டிய இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு போட்டுக்கொண்டான். "இருக்கட்டும்ணே, ரெண்டு நாள் வச்சிருந்து பார்க்கறேன்." நானும் ஆசை காட்டிக்கொள்ளக் கூடாதே என்று சரி என்றேன். அடிவயிற்று எண்ணின் சங்கதி அவனுக்குத் தெரியாது. எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், அதை மட்டும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. அப்படியே திரும்பும்போது அவன் ஷெட்டுக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன, முகத்துல ஒரே தேஜஸ்? யாரைக் கவுத்துட்டு வர்றீங்க?"

அவளிடம் எதையும் மறைக்க வராது எனக்கு. சொன்னேன்.

"ஏங்க, வாயைத் திறந்து கேட்டா அவர் குடுத்துடுவாரே?"

"குடுத்துடுவான்."

"அப்புறம் என்ன?"

"அதாண்டி பிரச்சினை! குடுத்துடுவான்! சிரிச்சுக்கிட்டே குடுப்பான். உங்கப்பா ஊரைக் கூட்டிச் சொல்லுவாரு, சின்ன மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு பாருன்னு. அப்புறம் நான் சாகறவரைக்கும் அந்த வண்டி என் வண்டி இல்ல, அவன் குடுத்த வண்டி."

"சரி, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டியா வச்சுக்கோங்களேன். என்ன குறைஞ்சு போச்சு?"

"வண்டிக்கு சீட்டு ஒண்ணுதான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் இடம் காலியாக இருந்தது. கொழுந்தியாள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"எங்கே உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறீங்க அத்தான். நீங்க விரிசல்னு சொன்னீங்களே ஒண்ணு, அதைத் தூக்கிக்கிட்டு வெல்டர்கிட்ட போயிருக்காரு. 'அண்ணன் தூக்கிப் போடச் சொன்னாரு, மனசு வரல. பல்லுல விரிசல் விழுந்தா உடனே பிடுங்கிடவா செய்யறோம், அடைச்சுக் காப்பாத்தத்தானே பார்க்கறோம்'னு ஒரே பேச்சு."

"பாருங்க, அந்த அக்கறை யாருக்கு வரும்?" என்றார் மாமனார், என்னைப் பார்த்து.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். அலுமினியத்தைப் பற்றவைப்பது என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதலில் விரிசல் இருக்கிற இடத்தைக் கிரைண்டரால் பள்ளம் பறிப்பார்கள். பிறகு பாத்திரம் மாதிரி முழுசையும் சூடு காட்டுவார்கள். பிறகு நெருப்பு. அந்தச் சூட்டில் துளை ஒரு முடியளவு கோணிவிடும். கோணினால் முடிந்தது. உலகத்திலேயே அந்த ஒரு வலது பாதியோடு சேரக்கூடிய அந்த ஒரு இடது பாதி, பிறகு எதோடும் சேராது. இல்லாத விரிசலுக்காக அது சாகப்போகிறது. சொன்னவன் நான்.

கையைக் கழுவினேனா இல்லையா, தெரியாது. "எங்கே ஓடறீங்க, மோர் ஊத்தலையே" என்று மனைவி கத்தியது காதில் விழுந்தது.

வெல்டரின் கடை லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. வாசலுக்கு வரும்போதே கிரைண்டர் கத்துவது கேட்டது. உள்ளே வெல்டர் குனிந்திருந்தார். பக்கத்தில் என் சகலை, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இடது பாதியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் பயந்து உட்கார்ந்திருக்கிற நோயாளியின் தலையைப் பிடிக்கிற மாதிரி. "நிறுத்து!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

சக்கரம் முனகிக்கொண்டே நின்றது. இருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் இடது பாதியைப் பிடுங்கிப் பார்த்தேன். பென்சில் கோடு அப்படியே இருந்தது. கிரைண்டர் இன்னும் தொடவில்லை, தொட ஒரு விரல்கடை இருந்தது.

"என்னண்ணே, என்ன ஆச்சு? வீட்டுல யாருக்காவது…"

"விரிசல் இல்ல" என்றேன். மூச்சு வாங்கியது.

வெல்டர் கையுறையைக் கழற்றினார். "நானும் அதைத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். விரிசலைக் காட்டற சாயம் பூசிப் பார்த்தோம். ஒரு கோடு இல்ல. இவருதான் கேக்க மாட்டேன்னுட்டாரு."

"சாயத்துல தெரியலைன்னா என்ன, அண்ணன் கை வச்சுக் காட்டினாரே" என்றான் சகலை. "அவர் கண்ணு தப்பாதுன்னு நினைச்சேன்."

தன் கண்ணால் பார்த்தே இல்லை என்று தெரிந்திருக்கிறது. என் வார்த்தைக்காக இல்லாத விரிசலை நம்பியிருக்கிறான். இவனை நான் என்ன செய்ய? கோபம் எனக்கு அவன்மேல்தான் வந்தது, சத்தியமாக.

"இல்லாத விரிசலை இருக்குன்னு சொன்னேன். பொய் சொன்னேன், போதுமா? இதுக்கு ஜோடி என்கிட்ட இருக்கு. என் வண்டியோட வலது பாதி. கீழ பாரு, நம்பர் இருக்கும். அதே நம்பர்தான் என்னோடதுலயும். எனக்கு இது வேணும். உன்கிட்ட கேக்கப் பிடிக்கல. அதான்."

வெல்டர் மேஜையில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை அவன் என்னைத் திட்டியிருந்தால் போதும், நாங்கள் சமம் ஆகியிருப்போம். அவன் எண்ணைப் பார்த்தான். பிறகு கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அண்ணே! ஜோடியா! இத்தனை வருஷமா நீங்க தேடினது இதுதானா? அட, சொல்லியிருக்கலாமேண்ணே! எடுத்துக்கோங்க. உங்க வண்டி முழுசாயிடும்!" இடது பாதியை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினான். ஒரு நொடி யோசிக்கவில்லை. ஒரு நொடியாவது தயங்கித் தொலைத்திருக்கலாம்.

நான் பயந்த அதே காட்சி. மாமனாரின் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முழுக்க என் காதில் ஓடியது. பொய் சொன்ன பெரியவனுக்கு அள்ளிக் கொடுத்த சின்னவன். அந்த வண்டியில் நான் ஏறும்போதெல்லாம் அவன் முதுகில் ஏறுகிற மாதிரி இருக்கும். அது முடியாது. அந்தச் சிரிப்பை நான் ஜெயித்தாக வேண்டும், எப்படியாவது.

"வேணாம்" என்றேன். "என் வலது பாதியை நீ எடுத்துக்கோ."

என் வாய்தான் சொன்னது. ஆனால் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

"ஐயையோ, என்னண்ணே பேசறீங்க?"

"நான் யோசிச்சுத்தான் சொல்றேன். உன்கிட்டதான் சிலிண்டர் நல்லா இருக்கு, ஃபோர்க் நல்லா இருக்கு. உன் வண்டியிலதான் அது இருக்கணும்."

"வேணாம்ணே. அது உங்க உயிரு."

மறுத்தான். நல்லது. இன்னும் ஒருமுறை வற்புறுத்தினால் இன்னும் ஒருமுறை மறுப்பான். பிறகு நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு, உன் பிடிவாதத்துக்காக வாங்கிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொள்ளலாம். பெரியவன் கொடுக்க வந்தான், சின்னவன் தடுத்துவிட்டான் என்று கதை சரிசமமாகிவிடும். குரலை உயர்த்தினேன்.

"அண்ணன் சொல்றேன்ல? எடுத்துக்கோன்னா எடுத்துக்கோ!"

அவன் என்னையே பார்த்தான். கண் கலங்கியது. நீட்டிய கைகளை மெதுவாக இழுத்து, இடது பாதியை மார்போடு வைத்துக்கொண்டான்.

"சரிண்ணே. நீங்க சொன்னா மீற மாட்டேன்."

அவ்வளவுதான். வெல்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் சார்" என்றார். எனக்கு அந்தக் கிரைண்டரை எடுத்து என் நாக்கின்மேல் ஓட்டலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இப்பப் போய் மனசு மாறிட்டேன்னு சொல்லுங்க. அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு."

"அதான், அவன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான்."

"உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். பிறகு வழக்கத்துக்கு மாறாக என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இன்ஜினை அவிழ்ப்பதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் கேட்டபோதெல்லாம் சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். எந்த அளவு எது என்று அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு பாதியையும் சேர்த்தது நான்தான். தானே சேர்க்க அவன் ஒப்புக்கொள்ளவில்லை, "நீங்கதாண்ணே செய்யணும்" என்று விலகி நின்றுகொண்டான். வெள்ளைத் துணியின்மேல் இடதை வைத்து, தண்டை இறக்கி, வலதை மேலே வைத்தேன். என் பழைய ஜோடியை மாட்ட நான் மரச்சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு. இது அப்படி இல்லை. வைத்த கையை எடுப்பதற்குள் தானாக வழுக்கி இறங்கி மூடிக்கொண்டது. இடைவெளியைக் கைவிரல் தேடியது, கிடைக்கவில்லை. தண்டை ஒற்றை விரலால் சுண்டினேன். நிற்காமல் சுற்றியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்று சொன்னேன். உடனே போய்க் கண்ணில் விடுகிற மருந்தும் பஞ்சும் கொண்டுவந்துவிட்டான், அந்தப் பாவி.

பெயிண்ட், சக்கரம், பெட்ரோல் டேங்க் எல்லாம் அவனே முடித்தான். பார்த்துப் பார்த்துச் செய்தான். குறை சொல்ல நான் தினம் ஒருமுறை போனேன், கிடைக்கவில்லை. முதல்முறை கிளப்புகிற அன்று அவன் வீட்டு முன்னால் குடும்பமே கூடியது. அக்கம் பக்கத்தாரும் வந்து நின்றார்கள்.

பெடலை மிதித்தான். ஒன்று, இரண்டு, பிடித்துக்கொண்டது. கைப்பம்பை அளவாக அமுக்கிக்கொண்டு தெருவில் கிளம்பினான். தட்டு சத்தம் இல்லை. நொண்டல் இல்லை. ஒரே சீராக, நிதானமாக, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்டது. செய்த அன்று அது எப்படிப் பேசியிருக்குமோ அப்படி.

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்க ஆரம்பித்தார். "எல்லாரும் தெரிஞ்சுக்குங்க. இதோட பாதி உசுரு என் பெரிய மாப்பிள்ளை குடுத்தது. தன் வண்டியைப் பிரிச்சுக் குடுத்திருக்காரு. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? என் பெரிய மாப்பிள்ளைக்குத்தான் வரும்! நான்கூட இத்தனை நாளா…"

இந்த ஒரு பேச்சுக்காக, கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். "சத்தம் கேக்க மாட்டேங்குது."

தெருமுனைவரை போன வண்டியின் சத்தம் குறைந்து, திரும்பி, மறுபடி வளர்ந்து வந்தது. சகலை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. இறங்கி ஹேண்டில்பாரை என் பக்கம் நீட்டினான்.

"ஒரு சுத்துப் போயிட்டு வாங்கண்ணே."

"வேணாம்."

"ஏண்ணே? உங்களை ஓட்டவைக்காம எனக்கு எப்படி? ஒரே ஒரு சுத்து."

"ஏறினா இறங்க மாட்டேன் தம்பி. திருப்பித் தர மாட்டேன்."

நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவன். இதற்கு மட்டும், தலையைப் பின்னால் சாய்த்து, விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணனுக்கு எப்பவும் விளையாட்டு" என்று என் தோளில் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, என் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.